கோழி எருவில் கேஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் சாண எரிவாயு பற்றி எழுதியிருந்தேன், வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முட்டைப் பண்ணைக்காரர்களிடமிருந்துதான். ‘மாட்டை விடுங்க, கோழிக்குச் சொல்லுங்க’ என்கிறார்கள். சரி, இந்த முறை முழுக்கக் கோழி.

பத்தாயிரம் முட்டைக் கோழி வைத்திருக்கிறேன். எருவில் எவ்வளவு கேஸ் வரும்? கரன்ட் பில்லை ஒழித்துவிடலாமா? (மோகனூர் வாசகர்)

ஒரு முட்டைக் கோழி ஒரு நாளைக்குச் சுமார் 100 முதல் 120 கிராம் ஈர எரு போடும். பத்தாயிரம் கோழிக்கு ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேலே. இதில் முக்கால் பங்கு தண்ணீர், மீதிக் கால் பங்குதான் சரக்கு. அன்றன்றைய எருவாக இருந்தால் டன்னுக்கு 60 கன மீட்டர் கேஸ் எதிர்பார்க்கலாம். ஒரு கன மீட்டர் கேஸ் ஏறக்குறைய அரைக் கிலோ சிலிண்டர் கேஸுக்குக் கொஞ்சம் குறைவான சூடு தரும், ஆக உங்கள் பண்ணையில் தினமும் கிட்டத்தட்ட இரண்டு வீட்டு சிலிண்டர் அளவு கேஸ் கிடக்கிறது. அதையே இன்ஜினில் ஓட்டினால் 80, 90 யூனிட் கரன்ட்.

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ‘அன்றன்றைய எரு’ என்று சொன்னதைக் கவனியுங்கள். நம் பக்கத்து உயரக் கூண்டு செட்களில் எரு கீழே விழுந்து மாதக்கணக்கில் குவியலாகக் கிடக்கும், பேட்ச் மாறும்போதுதான் அள்ளுவோம். அந்தக் காய்ந்த எருவில் கேஸ் ஆக வேண்டியதில் பெரும்பகுதி ஏற்கெனவே காற்றில் போய்விட்டிருக்கும். அதை, எருவைப் புளிக்கவைத்து கேஸ் எடுக்கும் மூடிய தொட்டியில் போட்டுவிட்டு, கேஸ் வரவில்லையே என்று தொட்டி கட்டிய கம்பெனிக்காரரைத் திட்டிப் பிரயோசனமில்லை.

இன்னொன்று, கரன்ட் ஆசை. இந்த அளவுப் பண்ணைக்கு ஜெனரேட்டர் வாங்கினால் அதன் விலை, ஆயில், ரிப்பேர், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் எல்லாம் சேர்ந்துகொள்ளும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் சூடு தேவைப்படும் இடத்தைத் தேடுவேன். நீங்களே குஞ்சு இறக்கி வளர்ப்பவர் என்றால் முதல் வாரம் குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் புரூடருக்குக் கீழே 33, 35 டிகிரி வேண்டும், அதற்கு இந்த கேஸ் அப்படியே பொருந்தும். வேலையாட்கள் குடியிருப்பு அடுப்பு அடுத்தது. அப்புறமும் மிச்சம் இருந்தால் ஃபீட் மில் ஓடும் நேரத்துக்கு இன்ஜின் யோசிக்கலாம். கேஸை நாலு நாள் சேர்த்துவைக்கவெல்லாம் பலூன் கட்டுப்படியாகாது, வர வர எரித்தாக வேண்டும்.

முதல் ஒன்றரை மாதம் அடுப்பு ஜம்மென்று எரிந்தது. இப்போது கேஸ் பாதியாகிவிட்டது, வருவதும் நீலமாகப் பிடித்து நிற்காமல் அணைகிறது, தொட்டிப் பக்கம் போனால் கண் எரிகிறது. அமில-கார அளவான பிஹெச் பார்த்தோம், 8 காட்டுகிறது, அமிலமாகவும் இல்லை. என்ன கோளாறு? (ராசிபுரம் வாசகர்)

கண் எரிகிறது என்று எழுதியதிலேயே பதில் இருக்கிறது. அம்மோனியா.

கோழிக்குத் தனியாக மூத்திரம் கிடையாது, யூரிக் அமிலமும் எச்சமும் ஒன்றாகவே வெளியே வருகிறது. அதனால் எருவில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஏகம். கேஸ் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு தழைச்சத்துக்கு 20 முதல் 30 பங்கு கரிமம் (கார்பன்) இருந்தால் வசதி. மாட்டுச் சாணம் அதற்குக் கிட்டத்தட்ட வந்துவிடும், கோழி எருவில் பத்துப் பங்கு கூடத் தேறாது. மிஞ்சிய தழைச்சத்து அம்மோனியாவாகி, கேஸில் எரியும் பகுதியான மீத்தேனைத் தரும் நுண்ணுயிர்களையே அமுக்கிவிடுகிறது. ஆரம்பத்தில் தொட்டியைத் துவக்க நீங்கள் விதையாகப் போட்ட சாணம் உள்ளே இருந்தவரை தெரியவில்லை, அது வெளியேற வெளியேற அம்மோனியா ஏறிவிட்டது.

பிஹெச் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மீத்தேன் நுண்ணுயிர் சோர்ந்தால் அமிலம் தேங்கும், பிஹெச் இறங்கும், இது சாணத் தொட்டிப் பாடம். கோழித் தொட்டியில் அதே அமிலம் தேங்கும், ஆனால் அம்மோனியா காரம் அதைச் சமன் செய்துவிடுவதால் பிஹெச் காகிதம் 7.5, 8 என்று காட்டிக்கொண்டே இருக்கும், உள்ளே தொட்டி சீக்காகக் கிடக்கும். நானும் எங்கள் பண்ணையின் முதல் தொட்டியை இப்படித்தான், காகிதத்தை நம்பி, இரண்டு மாதம் படுக்கவைத்தேன்.

செய்ய வேண்டியது: பத்து நாள் எரு போடுவதை நிறுத்துங்கள். தொட்டியில் கால்வாசியை வெளியேற்றி, நன்றாக ஓடுகிற சாணத் தொட்டியின் ஸ்லரியும், அதாவது கூழும், நல்ல தண்ணீரும் விடுங்கள். வெளியேற்றிய அதே ஸ்லரித் தண்ணீரையே மறுபடி கலக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அம்மோனியா திரும்பத் திரும்ப உள்ளேயே சுற்றும். அப்புறம் மெதுவாக ஆரம்பியுங்கள், எருவுக்கு இரண்டு பங்கு தண்ணீர், கூடவே கரிமம் உள்ள ஏதாவது ஒன்று. உங்கள் ஊரில் இதற்குப் பஞ்சமா? சுற்றிலும் ஜவ்வரிசி ஆலை. ஜவ்வரிசி எடுத்தபின் மிஞ்சும் மரவள்ளித் திப்பி முழுக்க மாவும் நாருமாகக் கரிமம்தான், கோழி எருவுக்கு நல்ல ஜோடி. மாட்டுத் தீவனமாக விலை போகிற நல்ல திப்பியைக் கேட்காதீர்கள், புளித்துப் போனது, மண் பட்டது போதும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், ஒரேயடியாகக் கொட்டினால் இப்போது உண்மையிலேயே அமிலமாகிவிடும்.

தொட்டி கட்டி மூன்று வருடம். பாதி அளவுக்கு மேல் கல் மாதிரி இறுகிவிட்டது. ஆள் இறக்கிச் சுத்தம் செய்யலாமா? (பரமத்தி வேலூர் வாசகர்)

கூடவே கூடாது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். காலித் தொட்டி என்று நினைத்து ஒருவர் இறங்கி மயங்குவதும், தூக்கப் போன இரண்டாவது ஆளும் உள்ளேயே கிடப்பதும் ஊருக்கு ஊர் நடக்கிற கதை. அழுகிய முட்டை வாடை அடிக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடிவிட்டால் மூக்கே மரத்துவிடும், வாடை போய்விட்டது என்று நினைத்துத்தான் இறங்குவார்கள். வெளியே நின்று பம்ப், டேங்கர் லாரி வைத்து உறிஞ்சுங்கள், இறுகியதைத் தண்ணீர் பீய்ச்சிக் கரையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் காற்று ஊதி, விஷவாயு அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்து, கயிறும் மூச்சுக்கருவியும் வைத்து வேலை செய்யத் தெரிந்த ஆட்களைக் கூப்பிடுங்கள், செலவு ஆகட்டும்.

இறுகியது என்ன தெரியுமா? உங்கள் தீவனம். முட்டைக் கோழிக்கு ஓடு பிடிக்கக் கிளிஞ்சலும் சுண்ணாம்புக் கல்லும் போடுகிறோம், ஒரு கோழி நாளைக்கு 4 கிராம் கால்சியம் தின்றால் ஓட்டுக்குப் போவது அதில் ஏறக்குறைய பாதி. மீதி எருவில். பத்தாயிரம் கோழிக்கு அது தினமும் 20 கிலோ கால்சியம், சுண்ணாம்பாகக் கணக்குப் போட்டால் 50 கிலோ. எல்லாமே அடியில் தங்கிவிடாது, ஆனாலும் மூன்று வருடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கூடச் சேர்ந்து மேலே இறகு மிதந்து ஆடை கட்டும். மாட்டுச் சாணத்துக்கு வரைந்த குவிமாடத் தொட்டியை அப்படியே கோழிக்குக் கட்டினால் இந்தக் கதிதான். அடுத்த முறை தொட்டிக்கு முன்னால் ஒரு கரைப்புத் தொட்டி வையுங்கள், கரைத்து அரை மணி நேரம் விட்டால் கிளிஞ்சல் அங்கேயே படியும், இறகைச் சல்லடையில் அள்ளிவிடலாம். தொட்டியின் அடி சரிவாக, கசடு எடுக்கத் தனிக் குழாயோடு இருக்க வேண்டும்.

எருவை லோடு லோடாக மஞ்சள், மரவள்ளிக் காட்டுக்கு விற்கிறேன். கேஸ் எடுத்துவிட்டால் சத்து போய்விடும், எவன் வாங்குவான் என்கிறார் என் மாமனார். (நாமக்கல் வாசகர்)

மாமனார் பாதி சரி. கேஸாகப் போவது பெரும்பாலும் கரிமமும் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும்தான், தழை, மணி, சாம்பல் மூன்றும் ஸ்லரியிலேயே இருக்கும். சொல்லப்போனால் தழைச்சத்து பயிர் உடனே எடுக்கிற வடிவத்துக்கு மாறியிருக்கும். சிக்கல் சத்தில் இல்லை, தண்ணீரில். முன்பு ஒரு டன் லாரியில் ஏற்றினீர்கள், இப்போது மூன்று டன் கூழ். அதைக் காயவைத்தால் அம்மோனியா ஆவியாகி மாமனார் சொன்னது உண்மையாகிவிடும். சொந்தக் காடு பக்கத்திலேயே இருந்தால் பாசனத் தண்ணீரோடு கலந்து விடுங்கள், அதைப் போல வராது. காடு இல்லை, எரு விலையும் நன்றாக இருக்கிறது என்றால், உண்மையைச் சொல்கிறேன், இந்தத் திட்டமே உங்களுக்கு வேண்டாம்.

அப்படிப்பட்டவர்களுக்கு இன்னொரு வழி, எருவைப் பெரிய ஆலைக்குக் கொடுப்பது. புதுச்சத்திரம் பக்கம் கோழி எருவும் மற்ற கழிவும் வைத்து வண்டிக்குப் போடும் அழுத்தப்பட்ட உயிரி எரிவாயு தயாரிக்கும் ஆலை இருக்கிறது. 2018 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்த ‘சதத்’ (SATAT) என்ற திட்டத்தில் இந்த வகை வாயுவை எண்ணெய் நிறுவனங்கள் வாங்குகின்றன. மீத்தேனை 90 சதவீதத்துக்கு மேல் சுத்தம் செய்து அழுத்தி அடைப்பது தனிப் பண்ணை செய்கிற வேலை இல்லை.

ஈத் தொல்லை குறையுமா? (திருச்செங்கோடு வாசகர்)

தினமும் அள்ளினால் குறையும். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து ஈ ஆக ஒன்றரை வாரம் கூட ஆகாது, அதற்குள் எரு தொட்டிக்குள் போய்விட வேண்டும். வாரம் ஒருமுறை அள்ளுகிற ஆளுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. புழுவைக் கொல்ல எரு மேல் மருந்து தெளித்திருந்தாலோ, செட் கழுவிய ஃபார்மலின், பிளீச்சிங் தண்ணீர் வந்தாலோ அதைத் தொட்டிக்குள் விடாதீர்கள். உள்ளே இருப்பதும் உயிர்தானே.

வீட்டு அடுப்புக்கு இழுக்கலாம் என்றால் வீட்டில் சம்மதிக்கவில்லை. சோற்றில் கோழி நாற்றம் வருமாமே? (வேலகவுண்டம்பட்டி வாசகர்)

எரியும்போது வராது. எரியாமல் கசிந்தால் வரும், அப்படி வந்தால் அது குழாயைப் பாருங்கள் என்று அர்த்தம், ஒருவகையில் நல்லது. ஆனால் கேஸில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடை வடிகட்டாமல் விட்டால் பர்னர் சீக்கிரம் அரித்துவிடும். லேத் பட்டறையில் இரும்புச் சீவல் வாங்கி, தண்ணீர் தெளித்து நன்றாகத் துருப்பிடிக்கவைத்து, ஒரு டிரம்மில் அடைத்து கேஸை அதன் வழியே விடுங்கள், துருதான் சல்ஃபைடைப் பிடிக்கும். கறுத்ததும் மாற்ற வேண்டும், மாற்றும்போது சீவலை நனைத்தே வையுங்கள், காய்ந்த சீவல் காற்றுப் பட்டதும் சூடாகிப் புகையும். எங்கள் வீட்டிலும் அத்தை ஆறு மாதம் அந்த அடுப்புப் பக்கமே வரவில்லை. ஒரு தீபாவளிக்கு முன்தினம் சிலிண்டர் தீர்ந்துபோய், முறுக்கு மாவு பிசைந்தபடி பாதியில் நின்றது. அன்றிலிருந்து அந்த அடுப்பு அவருடையது, நான் ஸ்லரி கரைக்க லேட்டானால் அவர்தான் சத்தம் போடுகிறார்.