வியட்நாம் பயணம்: கடனைக் கூட்டாதீர்கள், ஊர்களைக் குறையுங்கள்

கேள்வி: நானும் கணவரும் திருச்சியில் வேலை பார்க்கிறோம். இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 92,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக்கடன் தவணை 24,000. மகன் பத்தாம் வகுப்பு, மகள் ஏழாம் வகுப்பு. வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கென்றே கட்டிவந்த ஆர்.டி. முதிர்ந்து 1,60,000 ரூபாய் இருக்கிறது. அவசரத் தேவைக்கு 2 லட்சம் நிரந்தர வைப்பில் தனியாக உள்ளது. ஒரு பயண நிறுவனம் ஹனோய், ஹா லாங், டா நாங், ஹோ சி மின் நகரம் ஆகிய நான்கையும் ஏழு நாட்களில் காட்ட ஆளுக்கு 72,000 கேட்கிறது. காலாண்டு விடுமுறையில் புறப்பட வேண்டும். குறையும் 1,28,000 ரூபாய்க்கு 15 சதவீத வட்டியில் 12 மாதக் கடனை அவர்களே வாங்கித் தருகிறார்களாம். கடன் வாங்கலாமா, வைப்பை உடைக்கலாமா? – ஒரு வாசகி

பதில்: இரண்டும் வேண்டாம். ஆனால் பயணத்தைக் கைவிடவும் வேண்டாம். பிள்ளைகளை அழைத்துப் போவதற்காக ஆர்.டி. கட்டிச் சேர்த்திருக்கிறீர்கள், அந்தப் பணம் அதற்கே செலவாகட்டும். மாற்ற வேண்டியவை ஊர்களின் எண்ணிக்கையும் புறப்படும் மாதமும்தான்.

முதலில் கடன். 1,28,000 ரூபாய்க்கு மாதத் தவணை ஏறத்தாழ 11,550 வரும். வட்டி மட்டும் 10,600 ரூபாய்க்கு மேல். பரிசீலனைக் கட்டணம் தனி. வீட்டுக்கடனோடு சேர்த்தால் மாதம் 35,500 ரூபாய், அதாவது வருமானத்தில் கிட்டத்தட்ட 39 சதவீதம், தவணைக்கே போய்விடும். ஜூனில் மகன் பதினொன்றாம் வகுப்பில் சேரும்போதும் இந்தத் தவணை ஓடிக்கொண்டிருக்கும். எனக்குக் கவலை தருவது அதுதான். நிரந்தர வைப்பு மருத்துவமனைக்கும் வேலை இழப்புக்கும் உரியது. அதைத் தொடாதீர்கள்.

அடுத்து, அந்த ஏழு நாள் திட்டம். வியட்நாம் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் நாடு. ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு ரயில் பாதை 1,726 கிலோமீட்டர்; ரயிலில் 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே இடையில் இரண்டு உள்நாட்டு விமானங்கள் கட்டாயம். ஹனோயிலிருந்து ஹா லாங் போய்வரச் சாலையிலேயே பாதி நாள் கழியும். நான்கு பேருக்கு இத்தனை டிக்கெட் எடுத்தும், பகல் பொழுதில் பெரும்பகுதி பெட்டியைக் கட்டுவதிலும் விமான நிலைய வரிசையிலுமே போகும். குறுகிய பயணத்தில் அதிகப் பணத்தை விழுங்குவது உணவோ அறையோ அல்ல, ஊர் மாறும் செலவுதான்.

காலாண்டு விடுமுறையும் பொருத்தமான நேரம் அல்ல. செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் வரை டா நாங், ஹோய் ஆன், ஹுவே அடங்கிய மத்திய கடற்கரைக்கு மழைக்காலம். புயல் வரும், ஹோய் ஆனின் பழைய நகரத் தெருக்களில் ஆற்று வெள்ளம் ஏறும். அந்த மாதங்களில் விலை மலிவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மே இரண்டாவது வாரம் போங்கள். ஏப்ரல் 30, மே 1 இரண்டும் அங்கே தேசிய விடுமுறை. உள்ளூர் மக்களே கடற்கரைக்குத் திரள்வதால் அறை வாடகையும் டிக்கெட்டும் ஏறிவிடும். அந்த வாரம் கழியட்டும். மே மாதத்தில் டா நாங்கில் வெயில் கடுமை, ஆனால் கடல் அமைதியாக இருக்கும். ஹோ சி மின் நகரில் பிற்பகல் மழை வரக்கூடும். திருச்சி வெயிலிலிருந்து போகிறவர்களுக்கு அது பெரிய குறையாகத் தோன்றாது. மகனின் பொதுத்தேர்வும் முடிந்திருக்கும்.

ஊர்கள் இரண்டு போதும்: ஹோ சி மின் நகரம், டா நாங். திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு வியட்ஜெட் 2023இல் நேரடி விமானம் தொடங்கியது. உங்கள் தேதிக்கு அந்தச் சேவை உண்டா என்று பார்த்து, இல்லாவிட்டால் சென்னை, கொச்சி வழியை ஒப்பிடுங்கள். மலிவுக் கட்டண விமானங்களில் திரையில் முதலில் தெரியும் விலையை நம்பாமல், பெட்டிக்கான கட்டணத்தையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

நால்வருக்கும் நான் போடும் கணக்கு இது: போக வர விமானம் 80,000, டா நாங் போய்வர உள்நாட்டு விமானம் 28,000, ஆறு இரவு அறை 24,000, ஏழு நாள் சாப்பாடும் டாக்சியும் 35,000, நுழைவுக் கட்டணம், ஒரு நாள் சுற்றுலாக்கள் 20,000, இ-விசா 9,000, காப்பீடு 4,000. மொத்தம் 2 லட்சம். எதிர்பாராத செலவுக்கு 20,000 சேர்த்தால் 2,20,000. உங்களிடம் இல்லாதது 60,000 மட்டுமே. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஏழு மாதம், மாதம் 8,600 ரூபாய் ஒதுக்கினால் போதும். கடன் தவணையைவிட 3,000 ரூபாய் குறைவு. ஆர்.டி. பணத்தைச் சேமிப்புக் கணக்கில் விடாமல் குறுகிய கால வைப்பில் போட்டுவையுங்கள். விமான டிக்கெட் வாங்கும் நாளில் அதை எடுத்துக்கொள்ளலாம்.

டிக்கெட் விலை ஏறிவிட்டால்? டா நாங்கை விட்டுவிடுங்கள். 28,000 ரூபாய் மிச்சம். ஹோ சி மின் நகரத்தில் தங்கியபடியே கூச்சி சுரங்கங்கள், மெக்கோங் கழிமுகம், வுங் தாவ் கடற்கரை மூன்றுக்கும் போய்வரலாம். போர் நினைவு அருங்காட்சியகக் கட்டணம் 40,000 டாங், நம் பணத்தில் 140 ரூபாய்க்குள். செலவே இல்லாத இடங்களும் உண்டு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் சைகோனில் (ஹோ சி மின் நகரத்தின் பழைய பெயர்) வட்டித்தொழில் செய்த நகரத்தார் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் நகரின் நடுவிலேயே இருக்கிறது. மாரியம்மன் கோயிலும் அருகில்தான். உள்ளூர் மக்கள் ஊதுவத்தியோடு அம்மனை வணங்குவதைப் பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டும். டா நாங் போக முடிந்தால், முற்காலத்தில் மத்திய வியட்நாமை ஆண்ட சாம் இன மன்னர்கள் சிவனுக்குக் கட்டிய மீ சன் கோயில்களைத் தவறவிடாதீர்கள்.

தொகுப்புச் சுற்றுலாவே வாங்குவதென்று முடிவெடுத்தால், டி.சி.எஸ். (விற்பவர் நம்மிடம் முன்கூட்டியே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) விலையில் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். விகிதம் பட்ஜெட்டில் மாறுகிறது; பணம் கட்டும் நாளின் விகிதமே பொருந்தும். இது இழப்பு அல்ல. உங்கள் பான் எண்ணில் பதிவாகும், வருமான வரிக் கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம். உங்கள் இருவரில் அதிக வரி கட்டுபவரின் பான் எண்ணில் பணம் கட்டினால் ஈடு செய்வது எளிது.

பணம் கொண்டுபோகும் வழியில் பலர் கவனக்குறைவாக இருக்கிறார்கள். சாதாரண கிரெடிட் கார்டுகள் பலவற்றில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம், அதன்மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ஒரு லட்சம் ரூபாய் செலவழித்தால் 4,130 ரூபாய் இப்படியே போகும். கட்டணம் குறைந்த கார்டு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். மீதிக்கு, அனுமதி பெற்ற செலாவணி முகவரிடம் மடிப்பில்லாத டாலர் நோட்டுகள். கார்டு இயந்திரம் ரூபாயா, டாங்கா என்று கேட்டால் டாங்கையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்த மாற்று விகிதத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு லட்சம் டாங் ஏறத்தாழ 340 ரூபாய் என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள். 20,000 டாங் நோட்டும் 5 லட்சம் டாங் நோட்டும் நீல நிறம். முன்னது 70 ரூபாய்க்குள், பின்னது 1,700 ரூபாய். இரண்டையும் தனித்தனியாக வையுங்கள்.

இ-விசா ஒருமுறை நுழைய ஆளுக்கு 25 டாலர், பிள்ளைகளுக்கும் தனித்தனியே. அரசுத் தளத்தில் நீங்களே விண்ணப்பியுங்கள். மறுத்தாலும் கட்டணம் திரும்பாது. பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் நிரப்புங்கள். சிறுவர்களின் பாஸ்போர்ட் ஐந்தாண்டில் காலாவதியாகும் என்பதால் முதலில் தேதியைப் பாருங்கள்.

காப்பீட்டுக்கு ஒதுக்கிய 4,000 ரூபாயில் கை வைக்காதீர்கள். கூடவே, ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கக் கணவர் ஆசைப்பட்டால் தடுத்துவிடுங்கள். இந்தியாவில் தரப்படும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி சாலைப் போக்குவரத்து குறித்த 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படியானது; வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா உடன்படிக்கையின்படியானதை. செல்லாத உரிமத்தோடு ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையை நிராகரிக்கலாம். அதனால்தான் கணக்கில் டாக்சிக்குத் தாராளமாக ஒதுக்கியிருக்கிறேன்.