பிரிட்டிஷ் அறிவியல் புனைவு டிவி தொடரான டாக்டர் ஹூவின் 'தி டே ஆஃப் தி டாக்டர்' நாவலை, எபிசோடு பார்க்காமல் நேரடியாகப் படிக்கலாமா?

படிக்கலாம், ஆனால் பாதி ருசிதான் கிடைக்கும். பார்க்க வேண்டியது மொத்தம் ஒன்றரை மணி நேரம்கூட வராது. பார்த்துவிட்டே புத்தகத்தைத் திறங்கள்.

தொடரின் நாயகன் டாக்டர், சாகும் நிலையில் வேறு முகத்தோடு மறுபிறவி எடுக்கும் வேற்றுக்கிரகவாசி; அதனால்தான் எட்டாவது, பத்தாவது என்று எண்கள். முதலில் 'தி நைட் ஆஃப் தி டாக்டர்' என்ற ஏழு நிமிடத் துண்டுப்படம். பால் மெக்கேன் நடித்த எட்டாவது டாக்டர், கார்ன் கிரகத்தில் 'டாக்டர்' என்ற பேரையே உதறிவிட்டுப் போர்வீரனாக மறுபிறவி எடுப்பது அதில்தான். அடுத்து, தொடரின் 50ஆம் ஆண்டுக்காக 2013 நவம்பர் 23 அன்று ஒளிபரப்பான, நாவலின் அதே பெயர் கொண்ட சிறப்பு எபிசோடு. நாவல் வந்தது 2018 ஏப்ரலில், டாக்டர் ஹூ எபிசோடுகளை நாவலாக்கும் பிபிசி புக்ஸின் டார்கெட் வரிசையில். திரைக்கதை எழுதிய ஸ்டீவன் மாஃபட்டேதான் இதையும் எழுதியவர்.

திறந்தவுடன் எட்டாம் அத்தியாயம் நிற்கும். பைண்டிங்கில் பக்கம் மாறிவிட்டது என்று கடைக்குத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். எண்கள் வேண்டுமென்றேதான் முன்னுக்குப் பின் வருகின்றன. தொடக்கத்தில் வருவது எட்டாவது டாக்டரின் கதை. எண் வரிசைப்படி தேடிப் படித்தால் கதை குலைந்துவிடும், அச்சிட்டபடியே போங்கள்.

இன்னொரு சிக்கல், கதை சொல்வது யார் என்பது. 'நான்' என்று ஓடிக்கொண்டிருப்பது திடீரென்று 'அவர்' ஆகிவிடும். அவசரமாகப் படிப்பவர்கள் இடறுவது இங்கேதான். திரையில் அந்தப் போர்வீரனாக நடித்த ஜான் ஹர்ட்டின் முகம் ஒன்றே போதும். சொந்தக் கிரகத்தையே அழிக்கத் துணிந்த கிழட்டுப் போர்வீரனின் பாரம் அதில் தெரிந்துவிடும். நாவலுக்கு முகம் கிடையாது. செய்ததை 'நான்' என்று சொல்ல வாய் வராத ஒருவனை, இந்த மாற்றத்தை வைத்தே மாஃபட் காட்டுகிறார் என்பது என் கணிப்பு.

எபிசோடில் லண்டன் கோபுரச் சிறைக் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். அழித்த அன்று, சொந்தக் கிரகமான கேலிஃப்ரேயில் எத்தனை குழந்தைகள் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்த்ததுண்டா என்று போர்வீரன் கேட்கிறான். தெரியாது என்கிறார் மேட் ஸ்மித் நடித்த பதினோராவது டாக்டர். டேவிட் டெனன்ட் நடித்த பத்தாவது டாக்டரோ கணக்கைப் பட்டென்று சொல்லிவிடுகிறார்: 247 கோடி. மூவரும் ஒரே ஆள், ஒருவனின் வெவ்வேறு வயது. ஒரு வயதில் மனப்பாடமாக இருந்த எண் அடுத்த வயதில் மறந்துபோயிருக்கிறது. இதே அறையில்தான் கதவைத் திறக்க நூற்றாண்டுக் கணக்கில் கணக்குப் போடுகிறார்கள், அது பூட்டவே இல்லை என்பது தெரியாமல்! இந்த இடம் மனதில் பதிந்திருந்தால் நாவலின் குரல் மாற்றங்கள் பெரிதாகக் குழப்பாது.

பழைய டார்கெட் புத்தகங்களை நினைத்து இதை வாங்க வேண்டாம். 1973இல் தொடங்கிய அவை, வீடியோ கேசட் வராத காலத்தில் எபிசோடுக்கு மாற்றாக இருந்தவை. டெரன்ஸ் டிக்ஸ் மட்டுமே அறுபதுக்கு மேல் எழுதினார். பெரும்பாலும் ஒல்லியான, நேர்கோட்டுக் கதைகள். அந்த ருசி வேண்டுமென்றால் அவரிடமே போங்கள்.