தண்டவாளத்துக் கேள்விகள்

(கடலூர் பக்கம் தண்டவாளம் பராமரிக்கும் கேங்குக்குத் தலைவரான மேட்டாக இருந்து ஓய்வுபெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: டிகிரி முடித்த எனக்கு ரயில்வேயில் டிராக் மெயின்டெய்னர் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த வாரம் கடலூர் துறைமுகம் பக்கம் ஒரு கேங்கில் சேர வேண்டும். லைனில் இறங்கும் முன் என்ன தயார் செய்துகொள்வது, ஐயா? – பண்ருட்டி வாசகர்

பதில்: வாழ்த்துகள் தம்பி. படித்தவன் கடப்பாரை பிடிப்பதா என்று ஊரில் நாலு பேர் கேட்பார்கள், விடுங்கள்.

கேங்கில் போய் நின்றதும் முதலில் லுக்-அவுட் யார் என்று பாருங்கள். கொடியும் விசிலுமாக நின்று வண்டி வருகிறதா என்று பார்ப்பது மட்டும்தான் அவர் வேலை. ஆள் குறைச்சல் என்று அவர் கையில் சம்மட்டியைக் கொடுத்திருந்தால், நீங்கள் லைனுக்குள் கால் வைக்காதீர்கள். மேட்டிடம் சொல்லுங்கள். புது ஆள் சொல்லலாமா என்று யோசிக்க வேண்டாம். திட்டு விழுந்தால் விழட்டும்.

விழுப்புரம் – மயிலாடுதுறை மார்க்கம் ஒற்றைப் பாதை. வண்டி எந்தப் பக்கமிருந்தும் வரும். இப்போது மின்சார எஞ்சின் வேறு. பழைய டீசல் போலத் தூரத்திலேயே உறுமாது. மதியம் கடல்காற்று ஏறிவிட்டால் ஹாரன் சத்தத்தையும் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் காதை நம்பி வேலை செய்யாதீர்கள்.

லைன் பிளாக், அதாவது அந்த நேரத்துக்கு வண்டி விடாமல் பாதையை மூடிவைக்கும் அனுமதி, வாங்கித்தான் பெரிய வேலை நடக்கும். பிளாக் கிடைத்ததை மேற்பார்வையாளர் உறுதி செய்து சொல்லும் வரை தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் ஒரு கிளிப்பைக்கூடக் கழற்றக் கூடாது. தண்டவாள விரிசல் மாதிரி திடீரென்று வண்டியை நிறுத்தியே ஆக வேண்டிய நிலை வந்தால், அகலப் பாதையில் அந்த இடத்திலிருந்து 600 மீட்டரில் பாதைக்குக் குறுக்கே சிவப்பு பேனர் கொடி கட்டுவோம். 1200 மீட்டரில் 10 மீட்டர் இடைவெளி விட்டு மூன்று டெட்டனேட்டர் வைப்போம்; சக்கரம் ஏறியதும் வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் வெடி அது. ஒற்றைப் பாதை என்பதால் இரண்டு பக்கமும். மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் வண்டி அந்த 600 மீட்டரை 22 விநாடியில் தாண்டிவிடும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

விசில் அடித்ததும் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதைக் காலையிலேயே மேட் சொல்லிவிடுவார். சொல்லாவிட்டால் கேளுங்கள். ஆளுக்கொரு பக்கம் ஓடினால்தான் வினை. கருவிகளையும் கையோடு எடுத்து வெளியே போட வேண்டும்; தண்டவாளத்துக்கு நடுவில் கிடந்த ஜாக்கியை எடுக்கத் திரும்பிப் போகிறவன்தான் மாட்டுவான். பாலத்தின் மேல் வேலை என்றால் ஒதுங்கும் மேடை எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

மேலே போவது 25,000 வோல்ட் கம்பி. அதிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். நீளக் கம்பியைப் படுக்கைவாட்டில் தூக்குங்கள், நிமிர்த்திப் பிடிக்கவே கூடாது. ஒளிரும் சட்டையும் ஷூவும் ஆபீசில் தருவார்கள். செல்போன் பையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் கேங்கில் இருக்கிறார். மே மாதம் மட்டும் விடியற்காலையிலேயே கிளப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள். வெயிலுக்குப் பயந்துதானே? – நெல்லிக்குப்பம் வாசகி

பதில்: ஆளுக்காக மட்டும் இல்லை அம்மா, தண்டவாளத்துக்காகவும்தான். இப்போது தண்டவாளங்களை வெல்டு வைத்து நெடுக ஒன்றாக்கிவிட்டார்கள். ஒரு கிலோமீட்டர் இரும்பு 30 டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் 35 சென்டிமீட்டர் நீளப் பார்க்கும். நீள வழியில்லாமல் சிலீப்பரும் ஜல்லியும் அமுக்கிப் பிடித்திருக்கின்றன. கொதிக்கிற நேரத்தில் ஜல்லியை வாரினால் லைன் பாம்பு போல நெளிந்துவிடும். அதனால் தண்டவாளத்தில் வெப்பமானி வைத்துப் பார்த்த பிறகே மண்வெட்டியைத் தொட வேண்டும். இழுப்பும் நெருக்கலும் இல்லாமல் தண்டவாளத்தை இறுக்கிப் பொருத்திய வெப்பநிலையைவிட அதன் சூடு 10 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டால் வழக்கமான பராமரிப்பு கிடையாது. 20 டிகிரி தாண்டினால் லைனைப் பார்த்துக்கொண்டே நடக்க ரோந்து ஆள் போட்டுவிடுவார்கள். உங்கள் வீட்டுக்காரர் சில மதியங்களில் வேர்த்து விறுவிறுத்துத் தாமதமாக வருவது அதனாலும் இருக்கலாம். நீர்மோர் நிறையக் கொடுத்து அனுப்புங்கள், உப்பு தூக்கலாக.

கேள்வி: தண்டவாளத்தில் காதை வைத்துக் கேட்டால் ரயில் வருவது தெரியுமாமே? – கடலூர் பள்ளி மாணவர்

பதில்: சத்தம் வரும் தம்பி. எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு தூரத்தில் என்று மட்டும் தெரியாது. கேங்கில் யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. நீயும் பக்கத்தில் போகாதே.