விமான நிலையத்தில் காத்திருக்கும்போது நீங்கள் கவனித்து, பிறகும் யோசித்துக்கொண்டிருக்கும் விஷயம் எது?

தோள்பட்டைகள்.

வேலை பெங்களூரில், ஊர் கோயம்புத்தூர் பக்கம். அதனால் தேவனஹள்ளி விமான நிலையத்தில் காத்துக் கிடப்பது எனக்குப் பழகிவிட்டது. போனை நோண்டி அலுத்துப்போனால், கடந்து போகிற விமானிகளின் தோளைப் பார்ப்பேன். மூன்று பட்டை என்றால் துணை விமானி, நான்கு என்றால் கேப்டன். ஆனால் சீருடையில் ஒரு பெண் வந்தால் போதும், ஏர் ஹோஸ்டஸ் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஒருமுறை கோவை கேட் பக்கம் ஒரு பெரியவர், நான்கு பட்டையோடு வந்த பெண்ணை நிறுத்தி, "ஏம்மா, ஏறுனதும் கொஞ்சம் சுடுதண்ணி கிடைக்குங்களா? மாத்திரை போடோணும்" என்றார். அந்தக் கேப்டனும் தமிழ்தான். "சொல்லி வைக்கிறேங்கய்யா" என்று சிரித்துவிட்டுப் போனார். பக்கத்தில் இருந்த மருமகள், "மாமா, அவங்கதான் பிளேன் ஓட்டப் போறாங்க" என்றதும் பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப மெதுவா ஓட்டச் சொல்லியிருக்கலாமே" என்றார். அவருக்கு அதிர்ச்சியும் இல்லை, புல்லரிப்பும் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

உண்மையில் விமானி வேலையில் நம் நாடு நன்றாகவே முன்னால் நிற்கிறது. உலக அளவில் விமானிகளில் பெண்கள் சுமார் 6 சதவீதம்தான். இந்தியாவில் 12-க்கும் மேல். 2021 ஜனவரியில் கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் முழுக்கப் பெண் விமானிகளே சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்தைத் தாண்டி ஓட்டிவந்த ஏர் இந்தியா விமானம் வந்து இறங்கியதும் இதே பெங்களூரில்தான்.

விமானி வேலையில் பெண்களுக்கு ஏன் இது முடிகிறது? என் கணிப்பு இது: விமானிக்கு எல்லாமே கணக்கு. கேப்டன் ஆவதற்கு வேண்டிய உரிமத்துக்குக் குறைந்தது 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், தேர்வு எழுத வேண்டும், சிமுலேட்டரில் தேற வேண்டும். மேனேஜரோடு சாயங்காலம் யார் டீ குடிக்கப் போனார்கள் என்று, பறந்த நேரத்தைப் பதிகிற லாக்புக்கில் ஏறாது. எங்களைப் போன்ற ஐடி அலுவலகங்களில் அதுதான் முதலில் ஏறும். என் டீமில் திருநெல்வேலிக்காரத் தோழி ஒருத்தி மகப்பேறு விடுப்பு முடிந்து வந்தபோது, அவள் ஆரம்பித்து வைத்த ப்ராஜெக்ட்டின் க்ளையன்ட் பயணம் வேறொருவருக்குப் போயிருந்தது. "பாவம், கைக்குழந்தை வச்சிருக்கா" என்றார்கள். போக முடியுமா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தப் 'பாவம்' இருக்கிறதே, திட்டுவதைவிட மோசம். எதிர்த்துச் சண்டைகூடப் போட முடியாது.

கணக்கிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. கர்ப்பகாலத்தில் பறக்க முடியாத மாதங்களில் மணி நேரம் சேராது. 2017 மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் தந்த 26 வார விடுப்பு சம்பளத்தைக் காப்பாற்றும், லாக்புக்கை அல்ல. கூடப் படித்த பையன் அதற்குள் நான்காவது பட்டையை வாங்கியிருப்பான்.

அப்புறம், எல்லாத் தலைமைக்கும் பட்டை கிடையாது. செங்கோட்டைக்காரர் நிகர் ஷாஜி 1987-இல் இஸ்ரோவில் சேர்ந்தவர். 2023 செப்டம்பர் 2 அன்று சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 விண்கலம் கிளம்பியபோது அதன் திட்ட இயக்குநர். சந்திரயான்-2 திட்ட இயக்குநர் வனிதா சென்னைக்காரர். இருவருமே பெங்களூர் செயற்கைக்கோள் மையத்தில் வேலை பார்த்தவர்கள். இதே கேட்டில் நம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டிருந்தாலும் நமக்கு அடையாளம் தெரிந்திருக்காது.

பெரிய நாற்காலிக்குச் சட்டமே இருக்கிறது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களின் இயக்குநர் குழுவில், அதாவது போர்டில், ஒரு பெண்ணாவது வேண்டும் என்று 2013 கம்பெனிகள் சட்டம் சொன்னது. சில குடும்ப நிறுவனங்கள் வீட்டிலிருந்தே ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தன. 2020 ஏப்ரலிலிருந்து, சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்களில் சுயேச்சைப் பெண் இயக்குநர் ஒருவர் கட்டாயம் என்றது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி. அங்கே மனைவியையோ மருமகளையோ காட்டித் தப்பிக்க முடியாது. சரி, நல்லதுதான். ஆனால் என் தோழி கேட்டது போர்டு நாற்காலியை அல்ல, அதற்குப் பத்துப் படி கீழே இருக்கிற அந்த க்ளையன்ட் பயணத்தை.