நிபந்தனையோடு வரும் நன்கொடை: எர்ணாவூர் பறை வகுப்புக்கு என் பதில்

வணக்கம் தோழர். வடசென்னை எர்ணாவூர்ல பறை, தெருக்கூத்து சொல்லித்தர்ற உங்க டிரஸ்டுக்கு மணலி கம்பெனி ஒண்ணு 3 லட்சம் தர்றதாகவும், எண்ணூர் கழிமுகம் பத்தின நாடகத்தை மட்டும் நிறுத்தச் சொல்றதாகவும் எழுதியிருக்கீங்க. ஏரியா பிரமுகர் தர்ற ரொக்கம், வெளிநாட்டுல இருக்கிற சொந்தக்காரங்க பணம், இதையெல்லாம் வாங்கலாமான்னும் கேட்டிருக்கீங்க.

வாங்காதீங்க. கம்பெனி பணம்ங்கிறதுக்காக இல்ல; பேனர்ல பேர் கேட்டா போட்டுடலாம். என்ன நடிக்கணும்னு அவங்க முடிவு பண்றதுதான் சிக்கல். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட அந்தக் கழிமுகத்துல எண்ணெய் படர்ந்தப்போ வலையும் படகும் கெட்டது யாருக்கு? அந்த வீட்டுப் பிள்ளைங்கதானே உங்ககிட்ட கத்துக்குது? நிபந்தனையை எழுத்துல வாபஸ் வாங்கினா டிரஸ்டிகள் கூட்டத்துல வைங்க. பசுமைத் தீர்ப்பாயத்துல அந்தக் கம்பெனி மேல வழக்கு இருக்கான்னு முதல்ல பாருங்க. கம்பெனியில சொந்தக்காரங்க இருக்கிற டிரஸ்டி ஓட்டுப் போடக்கூடாது. வாங்கினாலும் மறுத்தாலும் காரணத்தை மினிட்ஸ்ல எழுதிடுங்க.

பேர் வேணாம்னு ஏரியா பிரமுகர் நீட்டுற 50,000 ரொக்கம்? அதுவும் வேணாம். கொடுத்தவர் பேர், முகவரி பதிவாகாத நன்கொடை ஒரு வரம்பைத் தாண்டினா டிரஸ்டு மேல 30 சதவீத வரி விழும். 2,000க்கு மேல ரொக்கம்னா அவருக்கும் 80ஜிங்கிற நன்கொடை வரிச்சலுகை கிடையாது. (தேர்தல் வந்தா மேடைக்கு முன்னாடி பறை அடிக்கக் கூப்பிடுவார், அது தனிக்கதை.)

உங்க துபாய் அண்ணன் இந்தியப் பாஸ்போர்ட்காரர்னா சொந்தச் சேமிப்புலேர்ந்து பேங்க் வழியா அனுப்பலாம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கின மாமா பணத்தை எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாம தொடமுடியாது. ரெண்டு பேருக்கும் பதில் சொல்றதுக்கு முன்னாடி ஆடிட்டரைப் பாருங்க.