பயத்தின் மணம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எறும்பும் தேனீயும் வேதிப்பொருளால் பேசிக்கொள்வதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதைத் தொடர்ந்து தேடியபோது ஒரு செய்தி கண்ணில் பட்டது. அமெரிக்க ராணுவம் மனிதர்களின் ‘பய மணத்தை’ ஆராய்கிறதாம். விமானத்திலிருந்து குதித்தவர்களின் வியர்வையைச் சேகரித்துப் பிறரை முகர வைத்தார்களாம். அதை எதிரிப் படை மேல் தெளித்தால் ஆயுதத்தைப் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள் என்றும் எழுதியிருந்தார்கள். அப்படி ஒரு மணம் உண்மையில் இருக்கிறதா? எப்படிச் சோதித்தார்கள்? குப்பியில் அடைத்து ஆயுதமாக்க முடியுமா? கூடவே ஒன்று: நாம் பயந்தால் நாய்க்குத் தெரிந்துவிடும் என்கிறார்களே, அதுவும் இதுதானா?

அன்புடன்,
செ.

அன்புள்ள செ.,

ஆய்வு நடந்தது உண்மை. நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் லிலியான் முஹிகா-பரோடியின் குழு செய்தது. பணம் டார்பாவிடமிருந்து வந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி முகமை அது. 2008 இறுதியில் செய்தியாகி, 2009-ல் ‘பிளாஸ் ஒன்’ ஆய்விதழில் கட்டுரையாக வந்தது. எதிரி ஓடுவான் என்ற பேச்சே அந்தக் கட்டுரையில் கிடையாது. அது செய்தி எழுதியவர்களின் கைச்சரக்கு.

சோதனை முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் துறையில் பலமும் பலவீனமும் முறையில்தான் இருக்கின்றன. முதல் சிக்கல், உண்மையான பயத்தை எங்கே போய் வாங்குவது? பயங்கரக் காட்சிகளைப் போட்டுக் காட்டலாம். பல குழுக்கள் அதைத்தான் செய்தன. ஆனால் திரையைப் பார்த்துப் பயப்படாதவர்கள் இருக்கிறார்கள். முதன்முறையாக விமானத்திலிருந்து குதிப்பவர் பயப்படாமல் இருப்பது அரிது. அதுவும் பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிக்கும் முறையில், முன்பயிற்சி இல்லாதவரையும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இறக்கலாம். எப்போது ஏறுகிறார், எப்போது குதிக்கிறார் என்று நிமிடக் கணக்கில் தெரியும். இரண்டு அக்குளிலும் உறிஞ்சு பஞ்சை ஒட்டி அனுப்பிவிட்டு, இறங்கியதும் எடுத்துக்கொண்டார்கள்.

அதே ஆட்களை இன்னொரு நாள் அதே நேரத்தில் ஓட்டப்பட்டையில் ஓடவிட்டு மறுபடி வியர்வை எடுத்தார்கள். இந்த ஒப்பீடு இல்லையென்றால் ஆய்வே இல்லை. குதித்தவருக்கும் வியர்க்கிறது, இதயம் துடிக்கிறது, ஓடியவருக்கும் அப்படியே. வித்தியாசம் பயம் மட்டும். நேரத்தை ஒன்றாக வைத்ததற்கும் காரணம் உண்டு: மன அழுத்தத்தில் சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருந்து மாலைக்குள் வடிந்துவிடும்.

இந்தப் பஞ்சு வேலை எளிதாகத் தெரியும், ஆனால் கெட்டுப்போக ஆயிரம் வழி இருக்கிறது. இவ்வகை ஆய்வுகளில் வியர்வை கொடுப்பவர்கள் சில நாட்கள் முன்பிருந்தே பூண்டு, வெங்காயம், மது, சிகரெட் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். மணமில்லாத சோப்பு, மணமில்லாத சலவைத்தூள். டியோடரண்ட் கூடவே கூடாது. எடுத்த பஞ்சை உடனே உறைய வைக்க வேண்டும், வழக்கமாக −80 டிகிரி செல்சியஸில். அக்குளில் உள்ள அப்போக்ரைன் சுரப்பிகள் விடும் திரவத்துக்குப் புதிதாக இருக்கும்போது மணமே இல்லை. தோலில் வாழும் கோரினிபாக்டீரியம், ஸ்டஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை வெட்டி அமிலங்களும் கந்தகச் சேர்மங்களும் ஆக்கிய பிறகுதான் நமக்குத் தெரிந்த வியர்வை நாற்றம் வருகிறது. பஞ்சை ஒரு மணி நேரம் வெளியே மறந்துவிட்டால் பாக்டீரியாக்கள் வேலையைத் தொடரும். நீங்கள் அளப்பது பயத்தை அல்ல, தாமதத்தை. ஆளுக்கு ஆள் மரபணுவும் வேறு. ஏபிசிசி11 என்ற மரபணுவின் ஒரு வகை உள்ளவர்களுக்கு அக்குள் மணம் மிகக் குறைவு, காதுக் குறும்பியும் உலர்ந்திருக்கும். கிழக்காசியாவில் பெரும்பாலோர் அப்படித்தான். இதனால்தான் பலருடைய வியர்வையையும் ஒன்றாகக் கலந்து பயன்படுத்துகிறார்கள். கலந்தால் தனி ஆளின் மணம் அமுங்கும். ஆனால் யாருடைய வியர்வை விளைவை உண்டாக்கியது என்பதும் அதோடு மறைந்துபோகும்.

பிறகு வேறொரு குழுவினரை, மூளை இயங்குவதைப் படம்பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்க வைத்து, எது எந்த வியர்வை என்று சொல்லாமல் முகர வைத்தார்கள். பயவியர்வைக்கு, பயத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதியான அமிக்டலா கூடுதலாக இயங்கியது, உடற்பயிற்சி வியர்வைக்கு அப்படி இல்லை. புதிய ஆட்களை வைத்து இன்னொரு முறை செய்தபோதும் அதுவே வந்தது. மணத்தைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிய முடிகிறதா என்று தனியாகச் சோதித்தார்கள். மண வேறுபாடு காரணமாகத் தெரியவில்லை. நான்காவது சோதனைதான் என்னை மிகவும் யோசிக்க வைப்பது. கோபமா இல்லையா என்று தெளிவாகத் தெரியாத முகங்களைக் காட்டினார்கள். பயவியர்வையை முகர்ந்தவர்கள் அந்த முகங்களை இன்னும் கூர்மையாக வேறுபடுத்தினார்கள்.

இதே திசையில் வேறு ஆய்வுகளும் உண்டு. ஜெர்மனியில் வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருந்த மாணவர்களின் வியர்வையை வைத்துச் செய்தார்கள். நெதர்லாந்தில் யாஸ்பர் டி குரூட்டும் மோனிக் ஸ்மீட்ஸும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், பயவியர்வையை முகர்ந்தவர்களின் புருவத் தசை பயந்த முகத்துக்கே உரியபடி இயங்கியது, மூச்சை ஆழமாக இழுத்தார்கள், கண்கள் அதிகம் அலைந்து தேடின. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் விளைவு இருக்கிறது, ஆனால் சிறியது.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். பயந்தவரின் உடலிலிருந்து வரும் ஏதோ ஒன்று இன்னொருவரின் மூளைக்கு எட்டுகிறது என்று சொல்ல நியாயமான ஆதாரம் உண்டு. அது அவரைப் பயந்து ஓட வைக்கிறது என்று சொல்ல ஆதாரம் இல்லை. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் அந்தச் செய்தி கட்டப்பட்டிருக்கிறது.

அமிக்டலா இயங்கினால் பயம் என்று எடுத்துக்கொள்வது பிழை. புதுமை, முக்கியத்துவம், தெளிவின்மை எதற்கும் அது எழும். மறுபக்கம், அமிக்டலா இல்லாமலேயே பீதி வரும் என்று 2013-ல் அயோவா பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. அரிய நோயால் இரு பக்க அமிக்டலாவும் சிதைந்த மூன்று பேருக்கு 35 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரே ஒரு மூச்சு கொடுத்தார்கள். வாழ்நாளில் பாம்புக்கும் கத்திக்கும் அஞ்சாத ஒரு பெண் அவர்களில் ஒருவர். மூவருக்கும் பீதி வந்தது. அங்கே நடப்பது முகர்வு அல்ல. மூச்சு முட்டுகிறது என்று உடல் உள்ளிருந்து உணர்வது. நம்பகமாகப் பீதியை எழுப்பும் வாயு என்றால் அதுதான், அதற்கும் ‘பய மண’த்துக்கும் தொடர்பில்லை.

அடுத்து, குப்பி. குப்பியில் எதை அடைப்பது? பயவியர்வையில் வேலை செய்யும் மூலக்கூறு எது என்று எவரும் நிறுவவில்லை. ஒரு சைகைப் பொருளைக் கண்டுபிடிப்பது எவ்வளவு பாடு என்பதற்கு முதல் உதாரணமே போதும். பட்டுப்பூச்சியின் இணைகூடும் மணமான பாம்பிகாலை 1959-ல் அறிவித்த அடால்ஃப் புட்டெனாண்ட், அதற்காக 5 லட்சம் பூச்சிகளைச் சாறெடுத்தார். பிரிக்க வேண்டும், பிரித்த பகுதியைப் பூச்சியிடம் காட்டிப் பார்க்க வேண்டும், வேலை செய்யும் பகுதியை மறுபடி பிரிக்க வேண்டும். கடைசியில் அந்த மூலக்கூறை ஆய்வகத்தில் செய்து, இயற்கையில் உள்ள அளவிலேயே கொடுத்து, அதே விளைவு வந்தால்தான் முடிந்தது. ஆண் பூச்சி சிறகடித்ததா இல்லையா என்று ஒரு நொடியில் தெரியும். மனிதரிடம் ஒவ்வொரு பகுதிக்கும் பல பேரை ஸ்கேனுக்குள் படுக்க வைக்க வேண்டும். அதிலும் அமிக்டலா இருப்பது காற்றறைகளுக்கு அருகில், எஃப்எம்ஆர்ஐ சைகை சிதைந்துபோகும் இடத்தில். சிறிய விளைவு, இரைச்சலான கருவி, நூற்றுக்கணக்கான சேர்மங்கள். பல்கலைக்கழகக் குழுக்கள் ஏன் இதில் மெதுவாக நகர்கின்றன என்பது புரியும்.

மற்ற உயிர்களில் இந்த வேலை முடிந்திருக்கிறது. தேனீயின் கொடுக்கிலிருந்து வரும் ஐசோபென்டைல் அசிடேட், வாழைப்பழ மணமுள்ளது, கூட்டையே கொட்ட அழைக்கும். காயம்பட்ட மீனின் தோலிலிருந்து கசிவது மற்ற மீன்களைக் கலைக்கிறது என்று கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1938-லேயே எழுதினார். எலியில் 4-மெத்தில்பென்டனல், ஹெக்சனல் இரண்டும் சேர்ந்து எச்சரிக்கையாக வேலை செய்கின்றன. நமக்கோ, பல விலங்குகள் இதற்குப் பயன்படுத்தும், மூக்கினுள் உள்ள வொமெரோநேசல் உறுப்பு வெறும் குழியாக எஞ்சியிருக்கிறது. அது இயங்கத் தேவையான டிஆர்பிசி2 மரபணு மனிதரில் செயலிழந்துவிட்டது. நமக்கு ஏதாவது எட்டினால் சாதாரண மூக்கின் வழியாகத்தான் எட்ட வேண்டும். சாதாரண மூக்கு சூழலைப் பார்த்துப் பொருள்கொள்ளும், சில நிமிடங்களில் பழகியும்விடும்.

மூலக்கூறு நாளையே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஆயுதம் ஆகாது. ஆய்வகத்தில் மூக்குக்கு நேராகக் கட்டுப்படுத்திய காற்று. களத்தில் காற்று வீசும் திசை யார் கையிலும் இல்லை. கரி வடிகட்டி உள்ள முகமூடி போதும் தடுக்க. இவற்றைவிட ஒன்று: போர்க்களத்தில் ஏற்கனவே பயவியர்வை நிரம்பியிருக்கிறது. ஒரு பதுங்குகுழியில் இருபது பேர் பல நாட்கள் நெருங்கிக் கிடக்கிறார்கள். அந்த மணத்துக்குப் படையைக் கலைக்கும் ஆற்றல் இருந்தால் எந்தப் பதுங்குகுழியிலும் யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். சோதனைகள் காட்டிய விளைவையும் மறக்கக் கூடாது. முகர்ந்தவர்கள் கூர்மையாகப் பார்த்தார்கள், ஆழமாக முகர்ந்தார்கள். அதைத் தெளிப்பவர் எதிரியை இன்னும் விழிப்பாக்கியிருப்பார்.

நாற்றத்தை ஆயுதமாக்குவது வேறு கதை, அது நடந்திருக்கிறது. அருவருப்புக்கு நுட்பமான சைகை தேவையில்லை, அளவு போதும். அமெரிக்க ராணுவத்துக்காக மோனெல் வேதியுணர்வு மையத்தில் பமேலா டால்டன் துர்நாற்றங்களை ஆராய்ந்தார்; இஸ்ரேல் 2008 முதல் ‘ஸ்கங்க்’ என்ற நாற்ற நீரைக் கூட்டங்கள் மேல் பீய்ச்சுகிறது. ராணுவத்தின் மேல் உங்களுக்கு வரும் சந்தேகமும் ஆதாரமற்றதல்ல. 1994-ல் ஓஹையோவில் உள்ள அமெரிக்க விமானப்படையின் ரைட் ஆய்வகம், மனித நடத்தையை மாற்றும் வேதிப்பொருட்களை உருவாக்க 75 லட்சம் டாலர் கேட்டு ஒரு திட்டம் எழுதியது. எதிரி வீரர்களிடையே பாலுணர்வைத் தூண்டி ஒழுங்கைக் குலைக்கலாம் என்பதும் அதில் ஒரு யோசனை. அது நிறைவேறவில்லை. ஆனால் 1955 முதல் 1975 வரை எட்ஜ்வுட் ஆயுதசாலையில் ஏறத்தாழ 7,000 வீரர்கள் மேல் பிஇசட் உட்பட மனத்தைக் குழப்பும் பொருட்களையும் வேறு வேதிப்பொருட்களையும் சோதித்தது நிறைவேறியது. 2002 அக்டோபரில் மாஸ்கோ நாடக அரங்கில் பிணைக்கைதிகளை மீட்க ரஷ்யப் படைகள் ஃபென்டனைல் வகை மயக்க மருந்தைக் காற்றில் விட்டபோது 120-க்கும் மேற்பட்ட பிணைக்கைதிகள் செத்தார்கள். ‘கொல்லாத’ மருந்தை ஒரு கூட்டத்துக்குக் காற்று வழியே சம அளவில் கொடுக்க முடியாது. குழாய்க்கு அருகே இருப்பவருக்கு அதிகம், மூலையில் இருப்பவருக்குக் குறைவு. குழந்தைக்கும் ஆஸ்துமாக்காரருக்கும் கணக்கே வேறு.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1997-ல் நடைமுறைக்கு வந்த வேதியாயுத உடன்படிக்கை, சாவை மட்டும் அல்ல, தற்காலிகச் செயலிழப்பை உண்டாக்கும் எந்த வேதிப்பொருளையும் நச்சு என்றே வரையறுக்கிறது. கண்ணீர்ப்புகையைக்கூடப் போர்முறையாகப் பயன்படுத்தக் கூடாது. ஒரு படையை ஓடவைக்கும் பய மணம் கிடைத்தால், அந்த நிமிடமே அது இந்த வரையறைக்குள் வந்துவிடும் என்பது என் வாசிப்பு. காவல்துறைக்கு என்று விடப்பட்டிருந்த சந்தும் 2021 டிசம்பரில் குறுகியது: மைய நரம்பு மண்டலத்தைத் தாக்கும் பொருட்களைக் காற்றில் தூவிப் பயன்படுத்துவது காவல் பணிக்குப் பொருந்தாது என்று உறுப்பு நாடுகள் வாக்களித்து முடிவெடுத்தன.

டார்பாவுக்குப் பயத்தை உண்டாக்குவதைவிட உடல்மணத்தை அறிவதில்தான் அக்கறை அதிகம் என்று நினைக்கிறேன். மனிதரை அவர் மணத்தை வைத்து அடையாளம் காணும் திட்டம் ஒன்றும் அதனிடம் இருந்தது. உங்கள் நாய்க் கேள்வி இங்கேதான் சேர்கிறது. 2018-ல் இத்தாலியக் குழு ஒன்று பயந்த மனிதரின் வியர்வையை லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் நாய்களுக்கு முன் வைத்தது. அவற்றின் இதயத்துடிப்பு ஏறியது, எஜமானரை அதிகம் தேடின. 2022-ல் பெல்ஃபாஸ்டில், மனக்கணக்கு போடச் சொல்லிப் பதற்றப்பட வைத்தவர்களின் மூச்சையும் வியர்வையையும், அதே ஆட்களிடம் சற்று முன் எடுத்ததிலிருந்து நான்கு நாய்கள் 93.75 சதவீதம் சரியாகப் பிரித்தன. ஆகவே நாய்க்குத் தெரியும் என்று நீங்கள் கேள்விப்பட்டது சரி. ஆனால் அந்தச் சோதனையில் நாய்க்கு அதே ஆளின் பதற்றமில்லாத மணமும் ஒப்பிடக் கிடைத்தது. சோதனைச்சாவடியில் நிற்கும் முன்பின் தெரியாத ஒருவரிடம் அது கிடைக்காது. அவர் குண்டு வைத்திருப்பதால் பயப்படுகிறாரா, எதிரே துப்பாக்கியோடு ஒருவர் நிற்பதால் பயப்படுகிறாரா என்று வியர்வையிலும் எழுதியிருக்காது. பய மணக் கருவி வந்துவிட்டது என்று அடுத்த முறை செய்தி படித்தால், ஒப்பீட்டுக்கு எதை வைத்தார்கள் என்று முதலில் தேடிப் பாருங்கள்.

அன்புடன்.