ஐந்துக்கு நாலு புள்ளி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நான் பிளஸ் டூ படிக்கிறேன். கணக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸும் உள்ள குரூப். கோலம் போடுவதும் படம் வரைவதும் ரொம்பப் பிடிக்கும், கோடிங்கும் பிடிக்கும். கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங் என்று ஒரு படிப்பு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அப்பாவோ, "ஒழுங்கா சி.எஸ்.இ. எடு, படம் வரையறத லீவுல வச்சுக்கோ" என்கிறார். அது என்ன படிப்பு? எனக்குச் சரிவருமா?
- மாணவி, பூதப்பாண்டி

பதில்: மக்களே, உன் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் நான் வளர்ந்தேன். தோவாளை. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பூக்கட்டு. மாணிக்கமாலை கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாயா? அரளிப் பூவை மடித்து மடித்து, இடையில் நொச்சி இலையை வைத்து, பாய் முடைவது மாதிரி வரிசை பிடித்துக்கொண்டே போவார்கள். கட்டி முடித்தால் சிவப்பும் வெள்ளையும் பச்சையுமாகக் கல் பதித்தது போலக் கிடக்கும். எந்த வரிசையில் எந்த நிறம் என்று கட்டுகிறவர் கை கணக்கு வைத்திருக்கும். கேட்டால் சொல்லத் தெரியாது, கை மட்டும் தப்பாது. அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி எழுதி, அதிலிருந்து புதிதாக ஒன்றைச் செய்ய வைப்பதுதான் நீ கேட்கிற படிப்பு.

கோலத்தில் இருந்தே சொல்கிறேன், உனக்குச் சட்டென்று பிடிபடும். எங்கள் ஆச்சி சிக்குக் கோலத்துக்குப் புள்ளி வைக்கும்போது, "அஞ்சுக்கு நாலு வையி, ஒரே இழையில முடியும். அஞ்சுக்கு அஞ்சு வச்சா கைய எடுத்து எடுத்துப் போடணும்" என்பாள். அஞ்சுக்கு நாலு என்றால் ஐந்து வரிசை, வரிசைக்கு நாலு புள்ளி. ஏன் என்று கேட்டால் "அது அப்படித்தான்". பல வருடம் கழித்து இதை நான் புரோகிராமாக எழுதினேன். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் இழைகள் ஒன்றையொன்று வெட்டிப் போக வேண்டும், ஓரத்துக்கு வந்தால் வளைந்து திரும்ப வேண்டும். அவ்வளவுதான் விதி. ஐந்துக்கு நாலு கொடுத்தேன், ஒரே இழை. ஐந்துக்கு ஐந்து, ஐந்து இழை. ஆறுக்கு நாலு, இரண்டு இழை. ஒன்பதுக்கு ஆறு, மூன்று. நோட்டில் எழுதி வைத்து வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மீ.பொ.வ.! பள்ளிக்கூடத்தில் மீப்பெரு பொது வகுத்தி என்று போட்டோமே, அதேதான். ஐந்துக்கும் நாலுக்கும் மீ.பொ.வ. ஒன்று, அதனால் ஒரே இழை. ஆச்சி அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் ஓடிப் போய்ச் சொல்லியிருப்பேன்.

இதை முதலில் கண்டவள் நான் இல்லை. கோலத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் நம் ஊரிலேயே பழைய உறவு உண்டு. தாம்பரம் சென்னை கிறித்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-லேயே கோலத்தின் இலக்கணத்தைக் கணினி மொழியின் இலக்கணமாக எழுதிக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டுரையை நான் படித்த அன்று, இதில் எனக்கும் இடம் உண்டு என்று தோன்றியது. உனக்கும் தோன்ற வேண்டும் என்றுதான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

சரி, படிப்புக்கு வருகிறேன். முதல் வருடத்தில் புரோகிராமிங் உண்டு, அதில் தப்பிக்க முடியாது. சைன், கொசைன், மேட்ரிக்ஸ் எல்லாம் தினமும் வரும். ஒரு உருவத்தைத் திருப்ப, அசைக்க, அலையாக்க அவைதான் கருவி. அப்புறம் ஒலி, அனிமேஷன், ஆர்டுயினோ என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டில் சென்சார் இணைப்பது, கேமரா முன் நிற்கிறவரின் அசைவை அறிவது, கலை வரலாறு. பரீட்சை குறைவு, செய்து காட்டுவது அதிகம். லண்டன் கலைப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது.

நம் நாட்டில் இதே பெயரைத் தேடி அலையாதே, வேறு பெயர்களில் கிடைக்கும். தமிழ்நாட்டில் சில பொறியியல் கல்லூரிகளில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் டிசைன் இருக்கிறது. அதே பொறியியல் கவுன்சலிங்தான், அதே 200-க்கான கட்-ஆஃப்தான். பி.டெஸ். என்கிற டிசைன் பட்டப்படிப்பு என்றால் மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் யூசீட் தேர்வு, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் (என்.ஐ.டி.) என்றால் அவர்களுடைய டாட் தேர்வு. இரண்டிலும் படம் வரையச் சொல்வார்கள். உன் கோல நோட்டைப் பத்திரமாக வை.

உன் அப்பா சொல்வதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். சி.எஸ்.இ. எடுத்தாலும் இந்த வழிக்கு வரலாம், நான் அப்படித்தான் வந்தேன். ஆனால் 'படம் வரைவதை லீவுக்கு' என்பதில்தான் எனக்குச் சண்டை. நான் படித்த கல்லூரியில் இறுதியாண்டு புராஜெக்டாகக் கோலம் வரையும் புரோகிராம் செய்கிறேன் என்றேன். "இதெல்லாம் புராஜெக்டா? லைப்ரரி மேனேஜ்மென்ட் எடு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எடுத்தேன். எங்கள் வகுப்பில் நாலு குழு அதையேதான் செய்தது. அந்த ஒரு வருடம் போனதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அதனால் எந்தக் கல்லூரியைப் பார்க்கப் போனாலும் கட்டடத்தைப் பார்க்காதே, பிளேஸ்மென்ட் பேனரைப் பார்க்காதே. "இறுதியாண்டு அக்கா அண்ணன்மார் செய்த வேலையைக் காட்டுங்கள்" என்று கேள். காட்ட ஒன்றும் இல்லை என்றால் கோர்ஸின் பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வா.

சரிவருமா என்று கேட்டாயே, அதை நானோ அப்பாவோ சொல்ல முடியாது. மூன்றுக்கு மூன்று புள்ளியில் தொடங்கு. புள்ளிகளுக்கு நடுவே 12 இடங்கள். ஒவ்வொன்றிலும் இழை வெட்டலாம், அல்லது வெட்டாமல் விலகலாம். மொத்தம் 4,096 வகை. அத்தனையையும் வரைகிற புரோகிராமை பி5.ஜேஎஸ் என்கிற, கோடிங்கில் படம் வரைய உதவும் கருவியில் எழுதிப் பார். இலவசம், பிரவுசரே போதும், பள்ளி ஹைடெக் லேபிலேயே செய்யலாம். வளைவு ஒட்டாது, இழை அந்தரத்தில் நிற்கும், மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொள்வாய். நாலாவது நாளும் போய் உட்கார்ந்தாய் என்றால் அப்பாவைக் கூட்டி வந்து திரையைக் காட்டு.

கேள்வி: நான் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. மகன் இந்தப் படிப்பை லண்டனில் படிக்கப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். வீட்டை வைத்துக் கடன் வாங்கலாமா?
- தகப்பன், குலசேகரம்

பதில்: அண்ணன், இப்போது வேண்டாம். பையன் ஆசை தப்பில்லை, படிப்பும் நல்ல படிப்புதான். ஆனால் வெளிநாட்டு மாணவர்களுக்கு அங்கே கட்டணம் உள்ளூர்ப் பிள்ளைகளைவிடப் பல மடங்கு, அதற்கு மேல் லண்டன் வாடகை. கல்விக் கடன் பொதுவாக 7.5 லட்சத்தைத் தாண்டினாலே சொத்தை ஈடாகக் கேட்பார்கள். படிக்கிற காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்பதால் வட்டியும் கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள், வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். இந்தத் துறையில் முதல் இரண்டு மூன்று வருடம் சம்பளம் ஏற்ற இறக்கமாகத்தான் இருக்கும். எனக்கே அப்படித்தான் இருந்தது. மழைக்காலத்தில் வெட்டு இல்லாமல் கை வறண்டு போகும் வீட்டில் அந்தச் சுமையை ஏற்ற எனக்கு மனசு வரவில்லை.

இங்கேயே இளங்கலை முடிக்கட்டும். அதற்குள் ஐந்தாறு நல்ல வேலைகளைச் செய்து கையில் வைத்திருந்தான் என்றால், முதுகலைக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கலாம். அப்போது அவன் கையில் காட்டுவதற்கு ஏதாவது இருக்கும். அவனிடம் கோபமாகச் சொல்லாதீர்கள், உட்கார வைத்துக் கணக்கைக் காட்டிச் சொல்லுங்கள். மூன்று மணிக்கு எழுந்து நெற்றி விளக்கோடு தோட்டத்துக்குப் போகிற அப்பாவின் கணக்கு அவனுக்குப் புரியும்.

கேள்வி: ஏ.ஐ. நொடியில் படம் போட்டுவிடுகிறது. இனி இதையெல்லாம் படித்து என்ன பயன்?
- வாசகர், கருங்கல்

பதில்: வேரா மோல்னார் என்று ஒரு ஓவியர். ஹங்கேரியில் 1924-ல் பிறந்து பாரிஸில் வாழ்ந்தவர். கம்ப்யூட்டர் கையில் கிடைப்பதற்கு முன்பே, 1959-லிருந்து, தனக்குத் தானே விதி எழுதிக்கொண்டு கையால் வரைந்தார். 'கற்பனை இயந்திரம்' என்று அதற்குப் பெயர் வைத்தார். 1968-ல்தான் நிஜக் கம்ப்யூட்டர் கிடைத்தது. சதுரங்களை ஒழுங்காக அடுக்கி, அதில் ஒரு சதவீதம் மட்டும் ஒழுங்கைக் குலைத்துப் பார்ப்பார். 2023 டிசம்பரில் 99 வயதில் இறக்கும்வரை வேலையை விடவில்லை. இயந்திரம் எத்தனை படம் வேண்டுமானாலும் போட்டுத் தரும். எவ்வளவு குலைக்கலாம், எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்பதற்கு அவர் கண்தான் வேண்டியிருந்தது. ஐந்துக்கு ஐந்து புள்ளியில் நான் மேலே சொன்ன கணக்குப்படி ஒரு லட்சம் கோடிக்கு மேல் கோலம் வரும். வாசலில் போட ஒன்றுதானே வேண்டும்? அந்த ஒன்றை எடுக்கப் பழகுவதற்குத்தான் நாலு வருடம். ஏ.ஐ. உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதையும் இந்தப் படிப்பிலேயே சொல்லித்தருவார்கள்.

கேள்வி: பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்துவிட்டேன். எனக்கு வழியே இல்லையா?
- மாணவன், குளச்சல்

பதில்: இருக்கிறது தம்பி. கணக்கு இல்லாமல் பி.இ. கவுன்சலிங்குக்குப் போக முடியாது. ஆனால் யூசீட் எழுத எந்த குரூப்பாக இருந்தாலும் பரவாயில்லை, பி.எஸ்ஸி. விஸ்காமுக்கும் (விஷுவல் கம்யூனிகேஷன்) அப்படித்தான். அதற்கு நடுவே பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் முக்கோணவியல் பாடத்தை மட்டும் யாரிடமாவது கேட்டுப் படித்துவிடு. குளச்சல் கடற்கரையில் அலையைப் பார்த்து வளர்ந்தவன் நீ, சைன் வளைவை முதல் முறை திரையில் ஓட விட்டதும் அது என்னவென்று உனக்கே தெரிந்துவிடும்.